கையெழுத்துப் போட மனசு ஒப்பாத சார்பதிவாளருக்கு ஒரு பதில்

கேள்வி இது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் பொறுப்பில் இருப்பவர் கேட்கிறார். மதம் விட்டு மதம் கல்யாணம் செய்வது அவர் வேதப்படி பாவம். இரு வேறு மதத்துப் பிள்ளைகள் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் அவரிடம் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். 'நான் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு வரும். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு எனக்கும் உண்டுதானே? மறுக்கலாமா, பக்கத்து ஆபீசுக்குப் போகச் சொல்லலாமா?' என்கிறார். எந்த மதம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பதில் மாறாது.

மறுக்க முடியாது. பக்கத்து ஆபீசுக்கு அனுப்பவும் முடியாது. அதற்காக உங்கள் மனசாட்சிக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். வழி இருக்கிறது. அது உங்களுக்கும் உங்கள் மேலதிகாரிக்கும் இடையில் பேசி முடிக்க வேண்டியது. நோட்டீஸ் கொடுத்த பிள்ளைகளின் காதுக்கே அந்தப் பேச்சு போகக் கூடாது.

முதலில் 25ஆம் பிரிவு. மனசாட்சிச் சுதந்திரமும், மதத்தை ஏற்க, கைக்கொள்ள, பரப்ப உள்ள உரிமையும் எல்லோருக்கும் சமம் என்று அது சொல்கிறது. அரசு ஊழியர் என்பதால் அந்த உரிமை உங்களை விட்டுப் போய்விடாது. ஆனால் அந்தப் பிரிவு தொடங்கும்போதே கடிவாளத்தோடுதான் தொடங்குகிறது: பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், அடிப்படை உரிமைகள் பகுதியின் மற்ற விதிகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே இந்த உரிமை. அந்த மற்ற விதிகளில் சமத்துவம் சொல்லும் 14 இருக்கிறது, மதத்தின் பேரால் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்னும் 15 இருக்கிறது, வாழ்வுரிமை சொல்லும் 21 இருக்கிறது. விரும்பியவரை மணக்கும் உரிமை 21இல் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. திருமண அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் 'அரசு' என்பதே நீங்கள்தான். அப்போது உங்கள் வாயிலிருந்து வரும் 'முடியாது' என்ற சொல் அரசு சொன்னதாகவே ஆகும்.

சட்டத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். திருமண அலுவலரின் சொந்த அபிப்பிராயத்துக்கு அதில் எங்கே இடம் விட்டிருக்கிறது என்று தேடுங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 4: ஏற்கனவே உயிரோடு இருக்கும் கணவன் மனைவி இருக்கக் கூடாது, சம்மதம் தரும் மனநிலை வேண்டும், ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், விலக்கப்பட்ட உறவுமுறைக்குள் இருக்கக் கூடாது. பிரிவு 5: இருவரில் ஒருவராவது நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முன் 30 நாளாவது அந்த அலுவலரின் மாவட்ட எல்லையில் குடியிருந்திருக்க வேண்டும். பிரிவு 6: நோட்டீசைத் திருமண அறிவிப்புப் புத்தகத்தில் பதிந்து, ஒரு நகலை அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும், இருவரில் ஒருவர் வேறு மாவட்டத்தில் நிரந்தரமாகக் குடியிருந்தால் அங்குள்ள அலுவலருக்கும் ஒரு நகல் போக வேண்டும். பிரிவு 7: ஒட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம், ஆனால் பிரிவு 4இல் உள்ள நிபந்தனை மீறப்படுகிறது என்பது மட்டுமே ஆட்சேபம். 'எங்க சாதிக்கு ஆகாது', 'ஜமாஅத் ஒத்துக்காது', 'சபையில சேர்க்க மாட்டாங்க' என்று எழுதிக் கொடுத்தால் அது ஆட்சேபமே இல்லை. பிரிவு 8: ஆட்சேபம் வந்தால் 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். ஆட்சேபம் நேர்மையற்றது என்று கண்டால், சொன்னவர் மீது 1,000 ரூபாய் வரை செலவுத் தொகை போட பிரிவு 9 உங்களுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அபூர்வம்.

அதன் பிறகு பிரிவு 11: இருவரும் மூன்று சாட்சிகளும் உங்கள் முன்னால் உறுதிமொழியில் கையெழுத்திட, நீங்கள் மேலொப்பம் இடுகிறீர்கள். பிரிவு 12: அவர்களுக்குப் புரியும் எந்த மொழியிலும், ஒருவரை ஒருவர் சட்டப்படியான கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும். மாலை, தாலி, மோதிரம், எதுவும் கட்டாயம் இல்லை, எதற்கும் தடையும் இல்லை. பிரிவு 13: சான்றிதழ். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் இது நடக்காவிட்டால் பிரிவு 14இன்படி நோட்டீஸ் காலாவதி. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தப் பிரிவுகளில் எதிலும் இந்தக் கல்யாணம் நல்லதா என்று உங்களைக் கேட்கவில்லை. நீங்கள் ஆசி வழங்குவதில்லை, கல்யாணம் செய்து வைப்பதுகூட இல்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டேன், நிபந்தனைகள் சரியாக இருக்கின்றன என்றுதான் உங்கள் கையெழுத்து சாட்சி சொல்கிறது. ஒரு விற்பனைப் பத்திரத்தைப் பதியும்போது அந்த விற்பனை நியாயமா, அண்ணன் தம்பியை ஏமாற்றினானா என்று நீங்கள் பொறுப்பேற்பதில்லை அல்லவா, அதே மாதிரிதான்.

அதே மேசையில் இரக்கம் மிகுந்த அலுவலருக்கும் கட்டு உண்டு. 'பாவம் பிள்ளைகள், வீட்டில் அடிப்பார்கள்' என்று நோட்டீஸ் ஒட்டாமல், அல்லது 30 நாள் முடியுமுன் வேண்டுமென்றே திருமணத்தை முடித்துவைத்தால், பிரிவு 46 அவருக்கு ஓராண்டு வரை வெறுங்காவலோ 500 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வைத்திருக்கிறது. மறுப்பவரின் நம்பிக்கைக்கும் அங்கே இடமில்லை, உதவ நினைப்பவரின் நம்பிக்கைக்கும் இல்லை. அந்த 30 நாள் நோட்டீஸ் நம் சீமையில் எவ்வளவு ஆபத்தானது என்று பாளையங்கோட்டையில் இருப்பவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. என் கருத்தில் அந்த விதி மாற வேண்டியது. தம்பதி எழுத்தில் கேட்டால் தவிர நோட்டீசை வெளியிட வேண்டாம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டுச் சார்பதிவாளரைக் கட்டுப்படுத்தாது. மாறும்வரை ஒட்டத்தான் வேண்டும். எங்கே ஒட்ட வேண்டும் என்றால் உங்கள் அலுவலகத்தில் மட்டும். பெண் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்பச் சட்டத்தில் எந்த வார்த்தையும் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2009இலேயே அந்தப் பழக்கத்தைக் கண்டித்துத் தடுத்திருக்கிறது.

இனி, நடைமுறையில் மறுப்பு எப்படி வருகிறது என்பது. 'என் மதம் அனுமதிக்காது' என்று கோப்பில் எழுதும் அலுவலர் யாரும் இல்லை. 'சர்வர் வேலை செய்யலை, நாளைக்கு வாங்க.' 'பெத்தவங்களைக் கூட்டிட்டு வாங்க தம்பி, பேசி முடிச்சிருவோம்.' 'ஏம்மா, ஒங்க அப்பாவுக்குத் தெரியுமா?' பிறகு அந்த அப்பாவுக்கே ஒரு போன். இப்படித்தான் வருகிறது. பெற்றோர் வர வேண்டும் என்றோ, அவர்கள் சம்மதக் கடிதம் வேண்டும் என்றோ சட்டத்தில் இல்லை. பெற்றோருக்குப் போன் போடுவது வெறும் தாமதம் இல்லை. அதன் பின் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால் உங்கள் கைப்பேசி அழைப்புப் பட்டியல் விசாரணைக் கோப்பில் இருக்கும்.

மறுப்பின் விலை என்ன? சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் ஆட்சேபத்தை ஏற்று மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அதன் முடிவே இறுதி. ஆட்சேபமே இல்லாமல் இழுத்தடித்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி ரிட் மனு. துறைக்குள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973. அதன் மீறலுக்கு ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி 17(அ) என்னும் சிறு தண்டனைக் குறிப்பாணை அல்லது 17(ஆ) என்னும் பெருந்தண்டனைக் குறிப்பாணை. 17(ஆ) என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலை மறந்துவிடலாம். ஒருவருக்குத் தீங்கு நேரும் என்று தெரிந்தே சட்டம் சொன்னதை மீறும் பொது ஊழியருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 198ஆம் பிரிவில் ஓராண்டு வரை வெறுங்காவல் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 166 என்று இருந்தது இதுதான். மதத்தைக் காரணம் காட்டுவது இவற்றில் எதற்கும் தற்காப்பு ஆகாது.

சட்டப்படியான மறுப்பு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்துப் பையனும் கிறிஸ்தவப் பெண்ணும் கோயிலில் தாலி கட்டிவிட்டு வந்து இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பதியக் கேட்டால் மறுக்கலாம், மறுக்க வேண்டும். இருவரும் இந்துவாக இல்லாத திருமணம் அந்தச் சட்டத்தின் கீழ் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவைக் காட்டுங்கள். அதில் பதியும் நாளில் இருவருக்குமே 21 முடிந்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது, 19 வயதுப் பெண்ணோடு வந்து ஏமாந்து போவார்கள். அப்படிப்பட்டவர்கள் 5ஆம் பிரிவு நோட்டீஸ் வழியாக வரலாம். அதேபோல் ஒரே பாலினத் திருமணத்தை இன்றைய சட்டத்தில் பதிய முடியாது, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அப்படி முடித்துவிட்டது. அங்கே நீங்கள் மறுப்பது சட்டத்தால். இருவரும் இந்துக்கள், சாதிதான் வேறு என்றால் 30 நாள் நோட்டீஸே கிடையாது. மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ செய்த சுயமரியாதைத் திருமணத்தையும் இந்துத் திருமணச் சட்டத்தின் 7அ பிரிவு செல்லுபடியாக்குகிறது. வழக்கறிஞர்கள் முன்னிலையில் அப்படிச் செய்துகொள்வதில் தவறில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

நம்பிக்கையும் சட்டமும் எப்படிக் குழம்பும் என்பதற்குப் பக்கத்து ஊர் உதாரணமே இருக்கிறது. 2018இல் தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் திருமணம் செய்து பதியப் போனபோது அலுவலகம் மறுத்தது. 'மணமகள்' என்றால் பெண்ணாகப் பிறந்தவர்தான் என்பது அந்த மறுப்பின் அடிப்படை. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை, திருநங்கையும் மணமகளே என்று சொல்லிப் பதியுமாறு உத்தரவிட்டது. அந்த வழக்கில் அலுவலர்கள் மதத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. ஆனால் 'எல்லோருக்கும் தெரிந்த உண்மை' என்று மனதில் ஊறிப்போனதைச் சட்டத்தின் வார்த்தையாகப் படித்துவிடும் பிழை அதேதான்.

உங்களுக்கும் பாதிரியாருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நிமிடம் பாருங்கள். பாளையங்கோட்டையில் ஒரு சபை ஊழியர், 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி திருமணம் நடத்த அதிகாரம் பெற்றிருக்கலாம். அவர் நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லும். ஆனாலும் தம் சபை விதிப்படி 'நான் நடத்த மாட்டேன்' என்று அவர் சொல்லலாம். மேலப்பாளையத்தில் ஒரு ஜமாஅத் நிக்காஹ் நடத்த மறுக்கலாம். ஐயர் வர மாட்டேன் என்னலாம். அவர்கள் மறுத்தாலும் உங்கள் அலுவலகக் கதவு திறந்திருக்கிறது என்பதால்தான் அந்த மறுப்பைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. நீங்களும் மறுத்துவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குப் போக இடமில்லை.

மனசாட்சிக்கு அரசு வேலையில் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. மக்காவுக்குப் போய் வந்து தாடியோடு வேலைக்கு வந்த மதுரைக் காவலர் ஒருவருக்குத் தண்டனையாக ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். 2024 ஜூலையில் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது; முஸ்லிம் காவலர்கள் தாடி வைக்க 1957ஆம் ஆண்டு உத்தரவே இடம் தந்திருந்தது. விமானப்படை வீரர் ஒருவர் அதே கோரிக்கையோடு போனபோது 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அங்கே விதி வேறு. காவலரின் தாடியால் புகார் கொடுக்க வருபவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதுதான் நான் சொல்லும் கோடு. தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற கேரளத்து மாணவர்கள் மூவரைப் பள்ளி நீக்கியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே பக்கம் விழும். அவர்கள் மாணவர்கள், யாருடைய உரிமையும் அவர்கள் கையில் இல்லை.

இராணுவ வழக்கு ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. தம் படைப்பிரிவின் வாராந்திர வழிபாட்டில் உடன் நின்றும், கருவறைக்குள் மட்டும் நுழைய மறுத்த கிறிஸ்தவ லெப்டினன்டை 2021இல் பணிநீக்கம் செய்தார்கள். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும், அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தன. படை ஒழுக்கம் என்பது காரணம். அவர் மறுப்பால் எந்தக் குடிமகனின் உரிமையும் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் நிலைமைக்கு அந்த வழக்கைத் துணைக்கு இழுக்க முடியாது. சீருடை இல்லாத உங்களுக்கு ஒழுக்க விதி தளர்வு, எதிரே நிற்பவரின் உரிமையோ கனம்.

வெளிநாட்டில் உங்கள் கேள்வியை அப்படியே கேட்டவர்கள் இருவர். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து ரோவன் கவுண்டி எழுத்தர் கிம் டேவிஸ். 2015 ஜூனில் ஒரே பாலினத் திருமணத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த பின், தம் அலுவலகத்தில் யாருக்குமே திருமண உரிமம் தர மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக அந்தச் செப்டம்பரில் ஐந்து நாள் சிறையில் இருந்தார். பிறகு ஒரு தம்பதிக்கு மொத்தம் ஒரு லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில் அவர் மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி வேறு: 2016இல் மாநிலம் படிவத்தை மாற்றி, எழுத்தரின் பெயர் அதில் வர வேண்டியதில்லை என்று செய்துவிட்டது. தம்பதிகளும் உரிமம் பெற்றார்கள், எழுத்தர்களின் மனக்குறையும் குறைந்தது. அந்த மாற்றத்தைச் செய்தது சட்டமன்றம். எழுத்தர் தானாகச் செய்தபோது கிடைத்தது சிறை. இன்னொருவர், ஒரே பாலின இணையரைப் பதிய மறுத்த லண்டன் இஸ்லிங்டன் நகராட்சிப் பதிவாளர் லிலியன் லேடல். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 ஜனவரியில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், கழுத்தில் சிலுவை அணிய விரும்பிய விமான நிறுவன ஊழியர் வென்றார். மேலே சொன்ன கோடு அங்கேயும் அதே இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

நம் ஊரில் ஒரு விஷயத்தை யாரும் கேட்பதில்லை. நம்பிக்கை காரணமாக மறுக்கும் அலுவலரைவிட, நம்பிக்கை காரணமாகக் கண்ணை மூடிக்கொள்ளும் அலுவலர்தான் அதிகம். கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு, குழாய் ஒலிபெருக்கி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இது கோயில் கொடைக்கும், சபையின் எழுப்புதல் கூட்டத்துக்கும், பள்ளிவாசல் குழாய்க்கும் ஒன்றே. சென்னையில் ஒரு சபை தொடர்பான வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000இலேயே உச்ச நீதிமன்றம் பேசியாகிவிட்டது. ஆய்வாளர் தம் குலதெய்வத்துக்கு ஒரு அளவுகோலும் அடுத்த தெரு ஜெபக்கூட்டத்துக்கு இன்னொரு அளவுகோலும் வைத்தால் அதுவும் கடமை மீறல்தான். சாலையோரத்தில் புதிதாக முளைக்கும் கோயில், குருசடி, தர்கா விஷயத்திலும் இதுவே. 2009 செப்டம்பர் 29க்குப் பின் பொது இடத்தில் அனுமதியற்ற புதிய வழிபாட்டுக் கட்டடம் எழவிடக் கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவை நெடுஞ்சாலைத் துறையும் வருவாய்த் துறையும் நடைமுறைப்படுத்த வேண்டும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தையும் பாருங்கள். கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். பக்தராக இருக்கும் வனத்துறை அலுவலருக்கும் பிளாஸ்டிக் பையைச் சோதனைச் சாவடியில் பிடுங்கி வைக்கும் வேலை இருக்கிறது.

திருவிழாக் கடமையில் எது கடமை, எது வழிபாடு என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் கூட்டப் பாதுகாப்பு, மின் இணைப்புத் துண்டிப்பு, ஆம்புலன்ஸ், தண்ணீர், தேரின் உறுதிச் சான்று ஆகியவை எல்லாம் கடமை. எந்த மதத்துக் கலெக்டரும், தாசில்தாரும், காவல் அதிகாரியும் செய்தே ஆக வேண்டும். பரிவட்டம் கட்டிக்கொள்வதும் திருநீறு பூசிக்கொள்வதும் மரியாதை. ஏற்கலாம், கும்பிட்டு விலகிக்கொள்ளலாம், யாரும் குறிப்பாணை தர முடியாது. தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவிலும், பொட்டல்புதூர் கந்தூரியிலும் இதே கணக்கு.

இந்தப் பிரிவினை சும்மா வந்துவிடவில்லை. 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் சென்னை மாகாணத்தில் கோயில் சொத்துகளையும் நிர்வாகத்தையும் கம்பெனி அரசின் வருவாய் வாரியமும் கலெக்டர்களும் மேற்பார்த்தார்கள். பட்டாளம் விழாக்களில் அணிவகுத்து மரியாதை செய்தது. கிறிஸ்தவ அதிகாரிகள் பலருக்கு அது முள்ளாக இருந்தது. சென்னைப் படைகளின் தலைமைத் தளபதி சர் பெரிக்ரின் மெயிட்லண்ட் இதற்காகவே 1838இல் பதவியை விட்டு விலகினார். பதவியில் உட்கார்ந்துகொண்டே உத்தரவை முடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கம்பெனி மெல்ல மெல்லக் கையை எடுத்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அதை முழுமையாக்கியது. பிறகு சுற்றி வந்து 1959இல் அறநிலையத் துறைச் சட்டம் வந்தபோது, ஆணையர் முதல் அதன்கீழ் நியமிக்கப்படும் அலுவலர் வரை இந்துவாக இருக்க வேண்டும், இந்துவாக இல்லாமல் போனால் பதவி போகும் என்று 10ஆம் பிரிவில் எழுதினார்கள். மதத்தைத் தகுதியாக்க வேண்டிய இடத்தில் சட்டமே வெளிப்படையாக ஆக்குகிறது. அரசியலமைப்பின் 16(5) அதற்கு இடம் தருகிறது. அப்படி நியமிக்கப்பட்டுக் கோயிலை நிர்வகிக்கும் செயல் அலுவலருக்கும் எல்லை உண்டு. ஊர் வழக்கம் என்று சொல்லி ஒரு தலித் பக்தரை வாசலில் நிறுத்தினால், அவர் நம்பிக்கை எவ்வளவு ஆழமாக இருந்தாலும், தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவும் 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் அவர் மீது பாயும்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புவோம். என்ன செய்யலாம்?

கோப்பு ஏதும் நிலுவையில் இல்லாத நேரத்தில், மாவட்டப் பதிவாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். சிறப்புத் திருமணச் சட்டப் பணியில் உங்களுக்கு மனசாட்சிச் சங்கடம் இருக்கிறது. வேறு அலுவலர் இருக்கும் இடத்துக்கோ, திருமணப் பதிவு இல்லாத தணிக்கை, வழிகாட்டி மதிப்பு, சீட்டு, சங்கப் பதிவு போன்ற பணிக்கோ மாற்றித் தர வேண்டும். உத்தரவு வரும்வரை கடமையைத் தவறாமல் செய்வேன். இவ்வளவு போதும். வேத வசனம், தம்பதியின் பெயர், 'இக்காலத்துப் பிள்ளைகள்' பற்றிய வருத்தம் எதுவும் வேண்டாம். அவை பின்னால் உங்களுக்கே எதிரான சாட்சியாகும். அந்தக் கடிதம் உரிமைக் கோரிக்கை இல்லை, வேண்டுகோள்தான். நிராகரிக்கப்படலாம். ஒரே ஒரு சார்பதிவாளர் இருக்கும் சிறு அலுவலகங்களில் அநேகமாக நிராகரிக்கப்படும், ஏனென்றால் உங்களை விட்டால் அந்த எல்லையில் திருமண அலுவலர் வேறு யாரும் இல்லை.

அந்தக் குறிப்பிட்ட நாளில் விடுப்பு எடுத்து, உதவியாளருக்குப் பொறுப்பு வாங்கிக் கொடுப்பது பலர் செய்யும் தந்திரம். ஒருமுறை செல்லும். 12 நாள் தற்செயல் விடுப்பும் 3 நாள் மத சார்பு விடுப்பும் எத்தனை நாளைக்கு வரும்? விடுப்பு உரிமையும் அல்ல. உங்கள் கீழ் வேலை பார்க்கும் உதவியாளருக்கும் அதே நம்பிக்கை இருந்தால் என்ன செய்வீர்கள்? மேலும், தம்பதி வரும் நாளில் மட்டும் நீங்கள் இல்லாமல் போவது வருகைப் பதிவேட்டில் ஒரு வடிவமாகத் தெரிந்துவிட்டால் அது மறுப்பாகவே படிக்கப்படும்.

இதைப் படிக்கும் தம்பதிகளுக்கும் சில வார்த்தைகள். நோட்டீசின் நகலில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். வாய்மொழி மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது; 'எழுத்தில் காரணம் தாருங்கள்' என்று ஒரு வரி எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் திருநெல்வேலி மண்டலத் துணைப் பதிவுத்துறைத் தலைவருக்கு. பாதி நோட்டீஸ்கள் அந்தக் கடிதத்திலேயே நகர்ந்துவிடும். குடியிருப்புச் சான்று 30 நாளைக் காட்டுகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்; சட்டப்படியான மறுப்புகளில் அடிக்கடி வருவது அதுதான். உயிருக்கு அச்சம் என்றால், 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மாவட்டங்களில் இதற்கென அமைக்க வேண்டிய சிறப்புப் பிரிவைக் குறிப்பிட்டு, மாநகரக் காவல் ஆணையருக்கோ மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ மனு கொடுங்கள். நோட்டீஸ் ஒட்டப்படும் நாளுக்கு முன்பே கொடுங்கள். பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

சார்பதிவாளருக்கு இன்னும் ஒன்று. இப்போது உங்கள் மேசையில் இருக்கும் நோட்டீசுக்கு மேலே சொன்ன கடிதம் பொருந்தாது, அது ஏற்கனவே ஓடத் தொடங்கிவிட்டது. திருமண அறிவிப்புப் புத்தகத்தை எடுத்து, ஒட்டிய தேதியிலிருந்து 30 நாள் எப்போது முடிகிறது என்று பாருங்கள். அன்றைக்குள் 4ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபம் வராவிட்டால், அடுத்த வேலை நாளில் அவர்கள் மூன்று சாட்சிகளோடு வரும்போது உறுதிமொழிப் படிவமும் சான்றிதழ்ப் புத்தகமும் தயாராக இருக்கட்டும்.